திடீர் லீவு இல்லாத பிப்ரவரி

மோமோசே மேடத்தின் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. நான்காம் மாடி வார்டுக்குப் பதினெட்டு வருஷமாக அவர்தான் தலைமை நர்ஸ். முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்’ என்று மூச்சை உள்ளே இழுப்பார். அந்தச் சத்தம் கேட்டதும், வந்தவள் தானாகவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட வேண்டும். அதுதான் அங்கே மரியாதை.

ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகும் மிவா எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வழியில்லை. அவளுடைய மகள் நானோகாவுக்கு ஆறு வயது. ஏப்ரலில் பள்ளிக்கூடம். குழந்தை பள்ளியில் சேரும் வரை தாய்க்கு நைட் டூட்டி கிடையாது, நாலு மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்பது ஆஸ்பத்திரி விதி. பள்ளியில் சேர்ந்த அன்று அந்தச் சலுகை தீர்ந்துவிடும். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வரை குழந்தை, மறுநாள் காலையில் பெரிய மனுஷி. விதி எழுதிய புண்ணியவான் அப்படித்தான் நினைத்திருக்கிறான். நைட் டூட்டி என்றால் சாயங்காலம் நாலரைக்குப் போய் மறுநாள் காலை ஒன்பதுக்குத் திரும்புவது. கணவன் கென்சுகேயைக் கம்பெனி இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாட்டின் தெற்குக் கோடியில் இருக்கும் ஃபுகுஓகாவுக்குத் தூக்கி எறிந்துவிட்டது. மாதம் ஒருமுறை அழுக்குத் துணிப் பையோடு வருவான், துவைத்த துணியோடு போவான்.

“பகல்ல முழு நேரமும் வர்றேன் மேடம். ஞாயித்துக்கிழமையும் வர்றேன். நைட் மட்டும் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வேணாம்.”

“எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல, ஹொசோயா-சான்” என்றார் மோமோசே. மிவாவின் குடும்பப் பெயர் ஹொசோயா; ‘சான்’ மரியாதைக்கு. “ஆனா இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்லயே. எங்க காலத்துல பிரசவத்துக்கு ஒன்பது நாள் முன்னாடி வரைக்கும் நைட் பாத்தேன். வயிறு மருந்து வண்டில போய் இடிக்கும். இப்ப நெனச்சா சிரிப்பா வருது.”

மிவா சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்தாள். மோமோசேயின் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது அவருடைய மாமியார். வயிறு வண்டியில் இடித்த கதையில் அந்த மாமியார் வரவே மாட்டார்.

“இகராஷி-சானும் உங்கள மாதிரியே நைட் வேணாம்னு ஃபாரம் குடுத்திருக்காங்க. ரெண்டு பேரையும் சுமக்க வார்டுக்குத் தெம்பு இல்ல. ஒருத்தர்னா மேலிடத்துல பேசிப் பாக்கலாம்.”

“யாருக்குன்னு…”

“ஐயோ, நான் எப்படிம்மா தீர்மானம் பண்றது? ரெண்டு பேரும் என் புள்ளைங்க மாதிரி. பிப்ரவரி மாசம் எப்படி வர்றீங்கன்னு பாப்போம். திடீர் லீவு இல்லாம இருந்தீங்கன்னா மத்தவங்களுக்கும் ஒரு நம்பிக்கை வரும், இல்லயா?”

பிப்ரவரியில் அந்த ஊரில் பனி ஆள் உயரத்துக்குக் கிடக்கும். வீட்டுக்கு வீடு குழந்தைகளுக்கு மூக்கு ஒழுகும், காய்ச்சல் வரும். அந்த மாதத்தில் பிள்ளைக்காரி லீவு போடாமல் வர வேண்டும் என்பது அடைமழையில் நனையாமல் வா என்பது மாதிரி. மோமோசேக்கு அது தெரியாமல் இல்லை. தேர்ந்தெடுக்கும் பாவத்தைத் தன் கையால் செய்யாமல், இரண்டு குழந்தைகளின் உடம்பின் மேல் தள்ளிவிட்டார். அவ்வளவுதான்.

இகராஷி மிவாவை விட நாலு வயது மூத்தவள். கணவனைப் பிரிந்து ஐந்து வருஷமாகிறது. மகன் தைகிக்கும் ஆறு வயது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஊழியர் பிள்ளைகளுக்கான காப்பகம் ஒன்று உண்டு. இரவிலும் படுக்க வைத்துக்கொள்வார்கள். அதனால் இத்தனை நாளும் அந்தச் சலுகையைக் கேட்காமல் அவள் நைட் பார்த்துக்கொண்டிருந்தாள், மிவா பார்க்காத நைட்களையும் சேர்த்து. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை அந்தக் காப்பகம் எடுக்காது. ஏப்ரலிலிருந்து தைகிக்கு இரவில் போக இடமில்லை.

நியாயமாகப் பார்த்தால் இகராஷிக்குத்தான் அந்த இடம். மிவாவுக்கும் இது தெரியும். தெரிந்துதான் ஃபாரத்தைத் திருப்பி வாங்காமல் இருந்தாள்.

இருவரும் ஒரே தெரு. நானோகா போவது நகராட்சிக் காப்பகம். பேருந்து தாமதமானால் பிள்ளையைக் கூட்டிப் போக அங்கே இகராஷியின் பெயரையும் மிவா எழுதிக் கொடுத்திருந்தாள். விஷயம் தெரிந்த அன்று உடைமாற்றும் அறையில் இகராஷி உரக்கச் சிரித்தாள்.

“குதிரைப் பந்தயம் மாதிரி இருக்கு. உன் பொண்ணுக்குக் காய்ச்சல் வரணும்னு நான் கோவில்ல போய் வேண்டிக்கணும். என் பையனுக்கு வரணும்னு நீ வேண்டிக்கணும்.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க, இகராஷி-சான்.”

“சும்மாடீ. வேண்டிக்கறதுக்கு எனக்கு நேரம் எங்க இருக்கு?”

பிப்ரவரியின் மூன்றாம் வெள்ளிக்கிழமை வரை இரண்டு பிள்ளைகளும் தாக்குப் பிடித்தார்கள். அன்று காலை ஆறு மணிக்கு நானோகாவின் நெற்றி மிவாவின் கையைச் சுட்டது. தெர்மாமீட்டர் முப்பத்தெட்டு புள்ளி நாலு காட்டியது. முப்பத்தேழரைக்கு மேல் இருந்தால் காப்பகம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். காப்பகக் கதவில் இரண்டு நாளாக ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘சூரியகாந்தி வகுப்பு, இன்ஃப்ளூயன்ஸா, மூன்று பேர்.’ நானோகா சூரியகாந்தி வகுப்பு.

இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. மிவா குளிர்பெட்டியைத் திறந்து, ஆசனவாயில் வைக்கிற காய்ச்சல் மருந்தில் ஒன்றை எடுத்தாள்.

“குளிருதும்மா” என்றது குழந்தை, குப்புறப் படுத்துக்கொண்டு.

“கொஞ்ச நேரம்தான். சாயங்காலம் சீக்கிரம் வந்துடுவேன்.”

பதினொரு வருஷமாக மற்றவர்களின் உடம்புச் சூட்டை ஒரு புள்ளி பிசகாமல் எழுதி வந்த கை அது. காப்பகத்து நோட்டில், ‘இன்று காலை’ என்ற கட்டத்தில், முப்பத்தாறு புள்ளி ஏழு என்று எழுதியது. கை நடுங்கியிருந்தாலாவது சற்று ஆறுதலாக இருந்திருக்கும். கையெழுத்து எப்போதும் போல அழகாகவே இருந்தது.

மருந்து நாலு மணி நேரத்துக்குக் காவல் நின்றது. பத்தரை மணிக்கு மிவா ஒரு கிழவருக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். கைபேசி விதிப்படி பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. நைட் முடித்துவிட்டு, சம்பளமில்லாத ஒன்றரை மணி நேரமாகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த இகராஷிதான் வார்டுத் தொலைபேசியை எடுத்தாள். எழுந்து வந்து திரைக்குப் பின்னால் தலையை நீட்டினாள்.

“ஹொசோயா, தண்ணிய வச்சிட்டு வா.”

தாழ்வாரத்தில் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “காப்பகத்துலேர்ந்து போன். முப்பத்தொன்பது. உடனே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க.”

மிவாவுக்கு முதலில் தோன்றியது மகள் இல்லை. மோமோசேயின் அறைக் கதவு. அது திறந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

“மேடம் மீட்டிங்ல இருக்காங்க” என்றாள் இகராஷி. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. “போன்ல நான்தான் பேசினேன், வேற யாருக்கும் தெரியாது. நான் எப்படியும் வீட்டுக்குத்தான் போறேன். தைகிய எடுத்துக்கிட்டு அப்படியே உன் பொண்ணையும் கூட்டிட்டுப் போறேன். நீ நாலு மணிக்கு வந்து வாங்கிக்கோ.”

“உங்களுக்கு… ராத்திரி முழுக்கத் தூங்கலயே.”

“தூங்கறதா? அது என்ன, புது மருந்தா?”

அந்த இடத்தில் மிவா ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ‘அவ வகுப்புல மூணு பேருக்கு இன்ஃப்ளூயன்ஸா, தைகிய ஒட்ட விடாதீங்க’ என்று ஒரே மூச்சில் முடிகிற வாக்கியம். தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் இகராஷி கூட்டிப் போக மாட்டாள் என்ற பயம் அதை மென்று முழுங்க வைத்தது. குனிந்து கும்பிட்டாள். பிறகு உள்ளே போய்க் கிழவரின் இரண்டாவது காலைக் கழுவினாள்.

நாலரை மணிக்கு இகராஷி வீட்டில் இரண்டு குழந்தைகளும் ஒரே போர்வைக்குள் கால் நீட்டி, தொலைக்காட்சியில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானோகாவின் கன்னம் சிவந்து கிடந்தது. அவள் குடித்து மிச்சம் வைத்த ஆப்பிள் சாற்றைத் தைகி எடுத்துக் குடித்தான். மிவா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“காலைல அம்மா மருந்து வச்சாங்க, அப்ப நல்லாயிடுச்சு, அப்புறம் மறுபடியும் சுட்டுச்சு” என்று நானோகா எல்லாருக்கும் பொதுவாக அறிவித்தது.

மிவாவின் முகம் செத்துப்போயிற்று. இகராஷி குழந்தையின் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, “தெரியும்டா கண்ணு, நானும் நர்ஸ்தானே” என்றாள். பிறகு நிமிராமலே மிவாவிடம், “போன வருஷம் நானும் ஒரு தடவை வச்சேன். அன்னிக்கு ராத்திரி அவனுக்கு வலிப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் வைக்கறதில்ல” என்றாள்.

சனிக்கிழமை சோதித்துப் பார்த்ததில் இன்ஃப்ளூயன்ஸா என்று உறுதியானது. ஐந்து நாள் காப்பகம் கிடையாது. வீட்டில் யாருக்காவது வந்தால் வார்டில் சொல்லியே ஆக வேண்டும் என்றும் விதி. மிவா வார்டுக்குச் சொல்லவில்லை. கென்சுகேயைக் கூப்பிட்டு, இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே தொலைபேசியில் கொட்டினாள். அவன் ஞாயிறு காலை விமானத்தில் வந்து இறங்கினான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு ஆண்பிள்ளை லீவு கேட்டால் அவன் கம்பெனியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். அதனால் அத்தை செத்துப் போனதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான். அத்தை நாகானோவில் ஆப்பிள் தோட்டத்தில் திடமாகத்தான் இருந்தாள். துக்கத்துக்கென்று அவனுக்கு மூன்று நாள் கொடுத்தார்கள், கூடவே ஒரு மலர்வளையமும் அனுப்பினார்கள்.

இகராஷிக்குச் சொல்ல வேண்டும் என்று சனிக்கிழமை முழுக்க மிவா கைபேசியை எடுத்து எடுத்து வைத்தாள். ஞாயிறு மாலை, ‘நானோகாவுக்கு இன்ஃப்ளூயன்ஸாவாம், தைகி எப்படி இருக்கான்?’ என்று அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. ‘மதியத்துலேர்ந்து முப்பத்தொன்பதரை.’ அதற்குக் கீழே வேறு ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இகராஷி வார்டுக்கு அழைத்து உள்ளதைச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க வர வேண்டாம் என்றார்கள். மோமோசே காலைக் கூட்டத்தில் டூட்டி சார்ட்டைப் பிரித்து வைத்து, இகராஷியின் மூன்று நைட்களை யார் தலையில் கட்டுவது என்று ‘ஸ்ஸ்’ இழுத்தார். நர்ஸ்கள் ஆளுக்கொரு பக்கம் தரையைப் பார்த்தார்கள். “கடைசி வாரத்துல போய் இப்படிப் பண்ணிட்டாங்களே” என்றாள் ஒருத்தி. “எங்கிருந்து இழுத்துட்டு வந்தாங்களோ” என்றாள் இன்னொருத்தி. இரட்டை முகக்கவசத்துக்குள் மிவா சூடாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை மோமோசே அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

“மேலிடத்துல பேசினேன், ஹொசோயா-சான். ரெண்டு வருஷம் நைட் இல்ல. பிப்ரவரியில ஒரு நாள் கூட நீங்க திடீர் லீவு போடல. அதச் சொன்னதும் அவங்களுக்கும் மறுக்க வழியில்ல.”

“மேடம்… இகராஷி-சானோட பையனுக்கு வந்தது…”

“பாவம். அது யார் குத்தமும் இல்ல. குழந்தைன்னா வரத்தான் செய்யும்.” மோமோசே முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். “என்ன, எதோ சொல்ல வந்தீங்களே?”

முத்திரை தாளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. மிவா அதையே பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல மேடம். ரொம்ப நன்றி.”

திங்கட்கிழமை இகராஷி திரும்பி வந்தாள். லீவு போட்டவள் திரும்பும்போது தனித்தனி உறை போட்ட பிஸ்கட் டப்பா ஒன்றோடு வர வேண்டும்; ஒவ்வொருத்தர் முன்னாலும் குனிந்து, தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததற்குத் தாய் கட்டும் அபராதம் அது. பனியிலும் கடை தேடி அலைந்து, மெலிந்துபோன முகத்தோடு இகராஷி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தாள். மிவாவின் முன்னாலும் நின்றாள். மற்றவர்களுக்குக் குனிந்த அதே அளவு குனிந்தாள்.

“போன வாரம் முழுக்க உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க.”

நாலு வயது மூத்தவள், எப்போதும் ‘நீ’, ‘சும்மாடீ’ என்பவள், ‘ங்க’ போட்டுப் பேசினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். யாரும் மாற்றிச் சொன்னதில்லை.

“பரவாயில்லங்க. ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கறதுதானே” என்றாள் மிவா. தன் குரலைக் கேட்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

“இதத்தான் நான் எப்பவும் சொல்றது” என்றார் மோமோசே, பிஸ்கட் உறையைக் கிழித்தபடி. “இகராஷி-சான், நீங்களும் ஹொசோயா-சானப் பாத்துக் கொஞ்சம் கத்துக்கலாம். வீட்டுக்காரர் வெளியூர்ல, தனியா பொண்ணை வச்சுக்கிட்டு, ஒரு நாள் தவறல பாருங்க.”

“ஆமா மேடம். கத்துக்கறேன்” என்றாள் இகராஷி.

மாலையில் உடைமாற்றும் அறையில் மிவா அவள் கையைப் பிடித்தாள். “நான் மேடம்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். இப்பவே.”

இகராஷி கையை விடுவித்துக்கொண்டு காலுறையைக் கழற்றினாள்.

“சொல்லு. என்ன ஆகும்னு நெனக்கறே? நீ பொய் சொன்னே, நான் அதுக்குத் துணை போனேன். ரெண்டு பேருக்கும் கிடையாது. உன் பொண்ணும் ராத்திரி தனியா படுக்கும். அதப் பாத்து என் பையனுக்குத் தூக்கம் வந்துடுமா?” கால்சட்டையை மடித்துப் பைக்குள் திணித்தாள். “சொல்லாதே. ஆனா என்கிட்ட மன்னிப்பும் கேக்காதே. கேட்டா நான் பரவாயில்லன்னு சொல்லணும். இன்னிக்கு இருபத்தோரு பேர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டாச்சு. போதும்.”

மிவாவுக்கு நிம்மதியாக இருந்தது. சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதற்காகத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் அது நிம்மதிதான்.

ஏப்ரல் சார்ட் மார்ச் பாதியில் ஒட்டப்பட்டது. இகராஷியின் வரிசையில் எட்டு நைட்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், புதுப் புத்தகப்பை வாங்கிக்கொண்டு மிவாவும் நானோகாவும் தெருவில் நடந்து வந்தார்கள். பனி ஓரமாக அழுக்குக் குவியலாகக் கிடந்து உருகிக்கொண்டிருந்தது. இகராஷி தன் வீட்டுக்கு வெளியே, சாத்திய கதவுக்கு முன்னால் வீட்டுச் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

“மேல் தாழ்ப்பாளும் போட்டியா?” என்று கதவைப் பார்த்துக் கத்தினாள்.

உள்ளிருந்து தைகியின் குரல் வந்தது. “போட்டுட்டேன்.”

“அடுப்பு?”

“தொட மாட்டேன். மைக்ரோவேவ் மட்டும்.”

இகராஷி கதவைப் படபடவென்று தட்டினாள். குரலை மாற்றிக்கொண்டு, “தம்பி, பார்சல் வந்திருக்கு, தொறப்பா” என்றாள்.

“தொறக்க மாட்டேன்.”

“உங்கம்மாவுக்கு ஆக்சிடெண்ட் ஆயிடுச்சுப்பா, சீக்கிரம் தொற.”

உள்ளே சத்தம் இல்லை. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்து, கதவு ஒரு விரல் அளவு திறந்தது. இரண்டு கண்கள் பயந்துபோய் அம்மாவைத் தேடின.

“பாத்தியா, தொறந்துட்டே” என்றாள் இகராஷி. அவள் குரல் லேசாக உடைந்தது. “தொறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல? சாத்து. மறுபடியும் முதல்லேர்ந்து.”

கதவு சாத்திக்கொண்டது. திரும்பியபோது அவள் மிவாவைப் பார்த்தாள். தலையை லேசாக அசைத்தாள், தெருவில் தெரிந்தவர்களுக்கு அசைப்பதைப் போல.

நானோகா மிவாவின் கையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, அவங்க என்ன விளையாட்டு விளையாடறாங்க? நானும் போறேன்மா.”

“உனக்கு அது தேவையில்ல” என்றாள் மிவா. மகளை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.